பழைய லீஃபுக்குப் புதிய பற்றரி

இலங்கை வீதிகளில் மின்சாரக் காரைச் சாதாரணக் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்திய பெருமை நிசான் லீஃபையே சாரும். 2010 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அவ்வாகனம், வரி குறைவாயிருந்த காரணத்தால், 2015ஆம் ஆண்டளவில் பாவித்த கார்களாக ஆயிரக்கணக்கில் இங்கே வந்து இறங்கியது. அவற்றுள் பலவற்றின் உடல் இன்னும் உறுதியாயிருக்கிறது. மோட்டாரும் ஓசையின்றிச் சுழல்கிறது. பற்றரி ஒன்றுதான் முதுமை எய்திவிட்டது. அதை மாத்திரம் மாற்றுவதா, அன்றிக் காரையே விற்றுப் புதியதொன்றை வாங்குவதா என்னும் கேள்விக்குப் பிரத்தியட்சமாக விடை காண விரும்பி, நண்பர் ஒருவருடைய 2013ஆம் ஆண்டு லீஃபை, பற்றரி மாற்றுவதற்கு முன்னும் பின்னும் ஓட்டிப் பரிசோதித்தேன்.

மாற்றுவதற்கு முன், முகப்புப் பலகையில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் 12 கட்டங்களில் 7 மாத்திரமே எஞ்சியிருந்தன. லீஃப் ஸ்பை என்னும் செயலி 61 சதவீதம் என்றது. 24 கிலோவாற்று மணி கொள்ளளவோடு பிறந்த அந்தக் கார், ஒரு முறை நிரப்பினால் 70 கிலோமீற்றர் ஓடுவதே பிரயாசையாக இருந்தது. இதற்கு உரிமையாளரின் அசட்டை காரணமன்று. லீஃபின் பற்றரிக்குத் திரவக் குளிர்விப்பு இல்லை. உள்ளே தேங்கும் உஷ்ணம் தானாகவே வெளியேற வேண்டும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 2012இலேயே இக்குறை வெளிப்பட்டது என்றால், வருஷம் முழுவதும் வெயில் காயும் கொழும்பில் அது வெளிப்படாமல் இருக்குமா?

ஆனால், ஆயுளைக் குறைத்த அதே அமைப்புத்தான் மாற்று வேலையைச் சுலபமாக்குகிறது. குளிர்விக்கும் குழாய்கள் எவையும் இல்லாதபடியால், கழற்ற வேண்டியவை சில மின்இணைப்புகளும் போல்ட்டுகளுமே. கராஜில் முதலாவதாக, பின்னிருக்கைக்கு முன்னுள்ள தரைவிரிப்பை விலக்கி, அதன் கீழிருந்த செம்மஞ்சள் நிறப் பாதுகாப்புச் செருகியை மெக்கானிக் உருவினார். எஞ்சிய மின்னழுத்தம் அடங்கும்வரை ஒருவரையும் காருக்குக் கீழே போக விடாமல் நிறுத்திவைத்தார். 360 வோல்ற்று நேர்மின்னோட்டம் உயிரைப் பறிக்கக்கூடியது; தடித்த இறப்பர்க் கையுறை அணியாமல் இவ்வேலையைச் செய்பவரிடம் காரை ஒப்படைக்கலாகாது. பின்னர், சுமார் 300 கிலோ எடையுள்ள பெட்டி, உயர்த்தும் மேசைமீது மெல்ல இறக்கப்பட்டது. அதன் இடத்தில் ஏறியது, 2018 மாதிரியொன்றிலிருந்து எடுக்கப்பட்ட, 88 சதவீத ஆரோக்கியமுள்ள 40 கிலோவாற்று மணிப் பற்றரி. இரண்டினுள்ளும் 192 கலங்கள், இரண்டிரண்டாக இணைந்து 96 சோடிகளாய், ஒரே தொடரில் அமைந்திருப்பதால், புதியது பழையதன் இடத்தில் பொருந்திவிடுகிறது. ஆயினும், புதிய பற்றரி அனுப்பும் செய்திகளைப் பழைய காரின் கணினி விளங்கிக்கொள்ளாது. இடையே நின்று அவற்றை மாற்றிக் கொடுக்கும் சிறு மின்சுற்றுப் பலகையொன்று அவசியம்.

அதன்பின் கொழும்பிலிருந்து கண்டிக்குப் பிரயாணம் செய்தோம். ஏறத்தாழ 115 கிலோமீற்றர் தூரத்தை, குளிரூட்டியை அணைக்காமலும், கடுகண்ணாவ ஏற்றத்தில் வேகத்தை விசேஷமாகக் குறைக்காமலும் கடந்து கண்டியை அடைந்தபோது, பற்றரியில் 40 சதவீதத்துக்கு மேல் மீதமிருந்தது. முன்பு அக்காரில் இப்பிரயாணத்தை நினைத்தும் பார்க்க முடியாது. பத்தாண்டுக்கு மேல் ஓடிய வாகனமொன்று இவ்வாறு புத்துயிர் பெற்றதைக் கண்டு நான் அடைந்த ஆனந்தத்தை மறைக்க விரும்பவில்லை.

மாறாதவையும் உண்டு. ஜப்பானியச் சந்தைக்கு உரிய அக்காருக்குள் இருக்கும் மின்னேற்றி 3 கிலோவாற்று வலுவுள்ளது மாத்திரமே. ஆதலால், வெறுமையான பெரிய பற்றரி வீட்டில் நிரம்புவதற்கு ஏறத்தாழ 16 மணி நேரம் பிடிக்கும். மோட்டார் அதே 80 கிலோவாற்றுத்தான். 2018 மாதிரி லீஃபின் 110 கிலோவாற்று மோட்டாரையும், ஒரே மிதியால் காரை ஓட்டவும் நிறுத்தவும் முடிகிற சௌகரியத்தையும் அனுபவித்தவருக்கு இந்த வித்தியாசம் உடனே புலப்படும். எனினும், அந்த 2018 மாதிரிப் பற்றரிக்கும் திரவக் குளிர்விப்புக் கிடையாது. லீஃபுக்கு அது வாய்த்தது 2025இல் அறிமுகமான மூன்றாம் தலைமுறையில்தான். ஆகவே, புதிய கார் என்ற பெயரில் பாவித்த 2018 மாதிரியை வாங்குகிறவர், பெருந்தொகை செலவிட்டும் பழைய பலவீனத்தையே மீண்டும் விலைக்கு வாங்குகிறார் என்பது என் அபிப்பிராயம்.

பலவீனமான சில கலங்களை மாத்திரம் மாற்றித் தருவதாகச் சொல்லும் மலிவான யோசனையையும் நான் ஆதரிக்க மாட்டேன். 96 சோடிகளும் ஒரே தொடரில் நிற்பதால், அவற்றுள் மிக நலிந்த சோடியே முழுப் பற்றரியின் எல்லையைத் தீர்மானிக்கிறது. இன்று ஒன்றை மாற்றினால், நாளை அடுத்தது தளரும். இவ்வேலையைச் சரிவரச் செய்ய வேண்டுமானால், நிசானும் சுமிட்டோமோவும் சேர்ந்து நடத்தும் 4ஆர் எனர்ஜி நிறுவனம் புக்குஷிமா மாகாணத்தின் நமியே நகரில் 2018இல் திறந்த தொழிற்சாலையில் செய்வதைப் போல், பழைய பற்றரிகளைப் பிரித்து அளந்து, சமபலமுள்ளவற்றை மாத்திரம் ஒன்றுசேர்க்க வேண்டும். அவ்வாறு புதுப்பிக்கப்பட்ட 24 கிலோவாற்று மணிப் பற்றரி, ஜப்பானில் பழையதைக் கொடுத்து மாற்றிக்கொள்வோருக்கு அன்று 3 இலட்சம் யென்னுக்குக் கிடைத்தது. நமது கராஜ்களில் அத்தகைய பரிசோதனை வசதியை எதிர்பார்ப்பது நியாயமன்று.

உடல் துருப்பிடிக்காத, நகருக்குள்ளும் இடையிடையே தூர ஊர்களுக்கும் ஓடும் லீஃப் உங்களிடம் இருந்தால், 40 கிலோவாற்று மணிப் பற்றரிக்கு மாற்றுங்கள், விற்க வேண்டாம். நாள்தோறும் நெடுந்தூரம் போகிறவரும் விரைவு மின்னேற்றத்தையே நம்பியிருப்பவரும், திரவக் குளிர்விப்புள்ள புதிய காருக்குப் பணம் சேர்ப்பதே நலம். எதுவாயினும், பாவித்த பற்றரிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், அதன் 96 சோடிகளின் மின்னழுத்த அளவுகளையும் உங்கள் கண்ணெதிரே செயலியில் காட்டும்படி கேளுங்கள். காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.