பொட்டலத்தின் பின்பக்கக் கணக்கு

வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிப்பது எனக்கு மிகவும் பிடித்த காரியம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5, ட்ரைசோடியம் சிட்ரேட் 2.9, குளுக்கோஸ் 13.5. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002இல் வகுத்த அளவு. கரைந்த பின் இருப்பது வேறு பட்டியல்: சோடியம் 75 மில்லிமோல், குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10, குளுக்கோஸ் 75.

கிராம் மில்லிமோலாக மாறும் வழிதான் அழகு. 2.6 கிராம் உப்பை அதன் மோலார் நிறை 58.44ஆல் வகுத்தால் சுமார் 44.5 மில்லிமோல், அவ்வளவு சோடியம், அவ்வளவே குளோரைடு. அப்படியானால் 75 எப்படி வந்தது? மீதியைத் தருவது சிட்ரேட். இருப்பது பத்து மில்லிமோல்தான். ஆனால் கரையும்போது ஒவ்வொன்றும் மூன்று சோடியம் அயனிகளை விடுவிக்கிறது. அந்த மூன்றை மறந்தால் கணக்கே கவிழ்ந்துவிடும். குளோரைடில் குறைவதை பொட்டாசியம் குளோரைடு ஈடுகட்டுகிறது.

மின்சுமையைக் கூட்டிப் பாருங்கள். நேர்ப்பக்கம் 75, 20: மொத்தம் 95. எதிர்ப்பக்கம் குளோரைடு 65, மூன்று சுமை கொண்ட சிட்ரேட் பத்துக்கு 30: அதுவும் 95! இந்த இடத்தில் எனக்கு ஒவ்வொரு முறையும் மனம் நிறைந்துபோகும்.

குளுக்கோஸ் குடல்சுவர் வழியே சோடியத்தைக் கூட்டிச்செல்ல, தண்ணீர் பின்தொடர்கிறது. 2002க்கு முந்தைய கலவையில் எல்லாத் துகள்களின் கூட்டுத்தொகை லிட்டருக்கு 311 மில்லிமோல், இதில் 245. அதைக் குறைத்ததால் குழந்தைகளுக்கு வாந்தி குறைந்தது, நரம்பு வழியே திரவம் ஏற்றும் தேவையும் குறைந்தது.