கல்லுக்குள் விளையும் உப்பு

மரக்காணம் உப்பளங்களில் பாத்தி கட்டி விளைவிக்கும் உப்பு, இந்தக் கரையின் கற்கோயில்களுக்குள் யாரும் கேட்காமலே விளைகிறது. கடற்காற்றும் நிலத்தடி ஈரமும் உப்பைக் கல்லின் நுண்துளைகளில் சேர்க்கின்றன. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது கரைகிறது. குறைந்தால் மறுபடி படிகமாகித் துளையின் சுவரை நெருக்குகிறது. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் சிற்பத்தின் மூக்கும் விரலும் பொடியாக உதிரும். ஊரிலுள்ள சோழர்காலப் பூமீஸ்வரர் கோயிலானாலும், வடக்கே மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலானாலும் பகை ஒன்றுதான்.

மாமல்லபுரத்தில் இந்தியத் தொல்லியல் துறை கையாளும் வைத்தியம் காகிதக்கூழ். உப்பில்லாத நீரில் ஊறிய கூழைக் கல்மேல் அப்புகிறார்கள். நீர் உள்ளே இறங்கி உப்பைக் கரைக்கிறது. கூழ் காயக் காய அந்தக் கரைசல் வெளியே இழுபட்டு, உப்பு கூழிலேயே தங்கிவிடுகிறது. உரித்த கூழை நீரில் ஊறவைத்தால் எவ்வளவு உப்பு வந்தது என்றும் அளந்துவிடலாம். கல்லில் அந்நியப் பொருள் எதையும் விட்டுவைக்காத முறை என்பதால் இதை நான் பெரிதும் மதிக்கிறேன். அக்ரிலிக் பூச்சு அப்படியில்லை. மழைநீரைத் தடுக்கும் கையோடு உள்ளிருக்கும் உப்பையும் அடைத்துவைத்துவிடும்.

ஆனால் கூழ் மேற்பரப்பை ஒட்டிய உப்பைத்தான் எடுக்கும். கடல் பக்கத்திலேயே இருக்க, போன உப்பு திரும்பி வரும். அலையைத் தடுக்கும் கல் அரணும் காற்றைத் தணிக்கும் சவுக்குத் தோப்பும் துணைநிற்க, மறுபடி மறுபடி செய்தால்தான் பலன்.

கோயிலைப் பழுதுபார்க்கப் பயன்படுத்தும் சுண்ணாம்புச் சாந்து விஷயத்தில்தான் எனக்குக் கவலை அதிகம். சிமெண்டைப் போல ஈரத்தைக் கல்பக்கம் தள்ளாமல் தன் வழியே வெளியேற விடும் என்பது அதன் பெரிய பலம். அதற்காக, கடுக்காயும் வெல்லமும் சேர்த்துவிட்டால் எல்லாம் சரி என்று இருந்துவிட முடியாது. வெல்லம் மிஞ்சினால் பூஞ்சைக்குத் தீனியாகலாம். உவர்ப்பான கிணற்று நீரில் குழைத்தாலோ, கடற்கரை மணலைக் கலந்தாலோ, கழுவாத கிளிஞ்சலைச் சுட்டாலோ, பழுதுபார்க்கும் சாந்தே கல்லுக்கு உப்பு ஊட்டும். நல்ல ஆற்றுமணல்தான் வேண்டுமென்றால் பாலாற்றையோ தென்பெண்ணையையோ இன்னும் தோண்ட வேண்டும். கிளிஞ்சல் சுடும் சூளைக்கும் எரிபொருள் வேண்டும். சுண்ணாம்பைச் 'சூழலுக்கு உகந்தது' என்று சொல்லும்போது இந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

திருப்பணி மதிப்பீட்டில் கடுக்காய்க்கும் வெல்லத்துக்கும் தொகை எழுதுகிறவர்கள், தண்ணீரிலும் மணலிலும் உள்ள உப்பைச் சோதிக்கவும் ஒரு தொகை எழுதட்டும். காகிதக்கூழ் வேலையை ஆண்டுப் பராமரிப்புச் செலவிலேயே சேர்க்கட்டும்.