இந்திரா டாக்கின் கதவுகள்

மும்பைக் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீர்மட்டம் சில நாட்களில் நான்கு மீட்டருக்கு மேல் மாறும். அந்தக் கரையில் சரக்குக் கப்பல் ஒரே மட்டத்தில் நிற்க வழிசெய்தது இந்திரா டாக்கின் நீர்ப்பூட்டு. 1914-இல் திறந்தபோது அதற்கு அலெக்சாண்ட்ரா டாக் என்று பெயர்.

கப்பல் நுழைந்ததும் பின்னால் வெளிக்கதவு மூடும். இரு கதவுகளுக்கும் நடுவே தண்ணீர் மெல்ல ஏறி உள்மட்டத்தைத் தொடும். பிறகுதான் உள்கதவு திறக்கும். வெளியே கடல் வற்றிச் சேறு தெரிந்தாலும் உள்ளே கப்பலின் தளம் இறங்காது. கிரேன்காரருக்கும் மூட்டை தூக்குபவருக்கும் அது பெரிய வசதி. தாராவித் தமிழர் பலருக்கும் சோறு போட்ட துறைமுகம் இது.

பெரிய கண்டெய்னர் கப்பல்கள் இப்போது எதிர்க்கரையில், 1989-இல் தொடங்கிய நவசேவா துறைமுகத்துக்குத்தான் போகின்றன. இருந்தாலும், கடலை வாசலில் காக்கவைத்த இந்தக் கதவுகளின் வேலைத்திறன் தனி அழகுதான்.