‘ஹவா’வும் ‘இச்சை’யும்

திருமறைத் தமிழாக்கங்களைப் படிப்போர் ‘மனோ இச்சை’, ‘சரீர இச்சை’ என்னும் தொடர்களை அடிக்கடி காண்பர். ‘ஹவா’ என்னும் அரபுச் சொல்லுக்கு ஈடாக வைக்கப்பட்டவை அவை. மொழிபெயர்த்த பெரியோரின் உழைப்புக்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். ஆயினும் இந்த ஒரு சொல்லில் தமிழ் வாசகருக்குக் குறை நேர்ந்துவிட்டது என்பது என் கருத்து. ‘இச்சை’ என்றதும் நம் சிந்தை மதுவையும் மாதரையும் பொருளையும் நோக்கி ஓடுகிறது. அவற்றில் வீழாதவர், ‘இது நமக்குச் சொன்னதன்று’ எனக் கடந்துவிடுகிறார்.

‘ஹா, வாவ், யா’ என்னும் மூன்றெழுத்தே இச்சொல்லின் வேர். ‘விழுந்தான்’ என்னும் வினையும், காற்றையும் வெற்றிடத்தையும் குறிக்கும் ‘ஹவாஉ’ என்பதும், பாதாளமாகிய ‘ஹாவியா’வும் அவ்வேரைச் சேர்ந்தவையே. ஸூரத்துந் நஜ்மின் முதல் வசனத்தில் விண்மீன் சாய்வதைக் குறிக்கும் வினையாக இவ்வேர் வருகிறது. மூன்றாம் வசனத்தில், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ‘ஹவா’வினால் பேசுவதில்லை எனப் பெயராக வருகிறது. நினைத்தபடி பேசுவதன்று என்பதே அங்கு பொருந்தும் பொருள்.

இதனினும் தெளிவான இடம் ஸூரத்து ஸாதின் 26ஆம் வசனம். மக்களிடையே நீதியுடன் தீர்ப்பளிக்குமாறும் ‘ஹவா’வைப் பின்பற்ற வேண்டாமென்றும் நபி தாவூத் (அலை) அவர்கள் பணிக்கப்படுகிறார்கள். இங்கே நீதிக்கு எதிராக நிற்பது, ஆளுக்கொன்றும் வேளைக்கொன்றுமாகச் சாயும் உள்ளம். மார்க்கத்தைத் தம் விருப்பத்துக்கு வளைத்தோரை முற்கால அறிஞர் ‘அஹ்லுல் அஹ்வா’ என்றதும் இதுபற்றியே.

தமிழில் எச்சொல்லை இடலாம்? ‘சபலம்’ வடமொழியில் நிலையின்மையைக் குறித்தது. தமிழ் வழக்கில் ஆசைக்கே உரியதாய்ச் சுருங்கிவிட்டது. ‘கிறுக்கு’ என்பதில் பித்தின் சாயல் உண்டு. பித்தனை ஷரீஅத் குற்றம் பிடிப்பதில்லை. ‘ஹவா’வின் வழி நடப்பவனோ அறிந்தே நடக்கிறான். ‘மனம்போன போக்கு’ என்னும் நம் வீட்டு வழக்கே நெருங்கி வருகிறது.

எங்கள் தூத்துக்குடிக் கரையில் காற்றுக்கும் முறையுண்டு. வாடை, கொண்டல், கச்சான் எனப் பருவமறிந்தே தோணி செலுத்துவர். 1961இல் நடந்த கடைசி முத்துக்குளிப்பு வரை, கடல் அடங்கியிருக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களையே பெரிதும் நாடினர். வலிய காற்றாயினும் திசை தெரிந்தால் பாயைத் திருப்பலாம். திசை சொல்லாமல் மாறும் காற்றுக்கு என்ன செய்வது?

இதை எழுதும் நானும் குற்றவாளியே. ஓதிக்கொடுத்த ஆண்டுகளில் ஒரே பிழைக்கு ஒருநாள் புன்னகைத்திருக்கிறேன், மறுநாள் பிரம்பெடுத்திருக்கிறேன். பிள்ளைகள் பாடத்தைவிட என் முகத்தையே கவனமாகப் படித்தார்கள். வாப்பாவின் செருப்போசை கேட்டதும், ‘இன்றைக்கு எப்படியோ’ என்று உம்மாவின் முகத்தைப் பார்க்கும் பிள்ளைகள் எத்தனை வீடுகளில் இல்லை? அங்கே மதுவுமில்லை, மாதருமில்லை. ‘ஹவா’ மட்டும் உண்டு.

ஆகவே, இனி மொழிபெயர்ப்போர் ‘இச்சை’ என்றே எழுதினும், ‘மனம்போன போக்கு’ என ஒரு குறிப்பேனும் சேர்த்தல் வேண்டும். தாவூத் நபிக்கு இடப்பட்ட அக்கட்டளை தமக்கும் உரியதே என்பதை வீட்டுத் தலைவரும் மஹல்லாப் பெரியோரும் என்போன்ற ஆசிரியரும் அப்போது உணர்வர்.