காத்திருந்த பாட்டு

திரைப்பாட்டைத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்வது தகுமோ என்று நகரத்து அன்பர் சிலர் வினவக்கூடும். உலு யாம், பத்தாங் காலி, கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் நம் மக்கள் செவிக்கு எட்டிய சங்கீதம் பெரும்பாலும் வானொலி வழி வந்த திரைப்பாட்டே. மக்கள் கேட்பதை ஆராயாத திறனாய்வு யாருக்குப் பயன்படும்? ஆகவே அத்தகைய பாட்டொன்றையே எடுத்துக்கொள்கிறோம்.

1969-இல் வெளிவந்த 'அடிமைப் பெண்' படத்தில் 'ஆயிரம் நிலவே வா' என்னும் பாட்டைப் பி. சுசீலாவுடன் பாடியவர் எஸ். பி. பாலசுப்பிரமணியம். இயற்றியவர் புலமைப்பித்தன், இசையமைத்தவர் கே. வி. மகாதேவன். பாடகர் அப்போது பொறியியல் பயின்ற மாணவர், தாய்மொழி தெலுங்கு, 1966-இல்தான் தெலுங்குப் படமொன்றில் முதன்முதலாகப் பாடியவர். தமிழுலகம் அவர் பெயரை அறியாது. அழைப்பு வந்து, ஒத்திகையும் பார்த்த பின், டைபாய்டு என்னும் விஷக்காய்ச்சல் கண்டு படுத்துவிட்டார்.

எம்.ஜி.ஆர். காத்திருந்தார். பாட்டைத் தள்ளிவைத்து, இளைஞர் தேறி எழுந்த பிறகே பதிவு செய்யச் சொன்னார். எனக்குப் பாடப்போவதாக நண்பர்களிடமெல்லாம் சொல்லியிருப்பாய். வேறொருவர் பாடினால் உன் குரல் பிடிக்காமல் ஒதுக்கிவிட்டேன் என்றல்லவோ நினைப்பார்கள் என்பது அவர் கூறிய காரணமாம். பாடகரே இதனைப் பிற்காலத்தில் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார்.

இக்கதையை வள்ளலின் கொடைக்குச் சான்றாகவே எல்லாரும் சொல்லிவருகின்றனர். நமக்கு அது போதவில்லை. எம்.ஜி.ஆருக்குப் பல்லாண்டு பாடிவந்த டி. எம். சௌந்தரராஜன் அதே படத்தில் வேறு பாட்டுப் பாடியிருக்கிறார். ஒரு சொல் சொன்னால் இதனையும் பாடி முடித்திருப்பார். அந்தக் கம்பீரக் குரலைக் கேட்ட செவியோடு இப்பாட்டைக் கேளுங்கள். அடிவயிற்றிலிருந்து முழங்கும் ஓசை இங்கு இல்லை. குரல் மெல்லியது, ஈரமுள்ளது. சொல்லை அழுத்தாமல் தொட்டுச் செல்கிறது. புன்னகை செவிக்கே புலப்படுகிறது. ஐம்பது கடந்த நடிகர் திரையில் இளமையோடு தோன்றுவதற்கு ஒப்பனையைவிட இக்குரலே மிகுதியும் உதவிற்று என்போம். ஆகவே காத்திருந்தது இரக்கம் மட்டுமன்று, செவியின் தீர்ப்புமாகும்.

இன்னொன்றும் உண்டு. 1967 ஜனவரி 12-இல் எம்.ஆர். ராதா சுட்ட குண்டு எம்.ஜி.ஆரின் கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தார், பழைய பேச்சுக்குரல் திரும்பவில்லை. இரவற்குரல் தேடாமல், சிதைந்த குரலோடே அவர் தொடர்ந்து நடித்தார். நோய்ப்படுக்கையில் கிடக்கும் ஒரு குரலுக்காகக் காத்திருக்க அவருக்குத் தோன்றியதற்கு இவ்வநுபவமும் காரணமாயிருக்கலாம். இஃது எம் ஊகமே.

நிற்க. பால்மரம் வெட்டிய நம் பாட்டன்மாருக்கு மலைக்காய்ச்சல் கண்டபோது யார் காத்திருந்தார்? பெரட்டுக்கு வராதவருக்கு அன்றைய கூலி இல்லை. அவர் நிரையை மறுநாள் வேறொருவர் வெட்டினார். பட உலகமும் அப்படிப்பட்ட தோட்டந்தான். காய்ச்சலால் ஒருநாள் தவறி, பிறகு அழைக்கப்படாமலே போன குரல்கள் அங்கும் இருந்திருக்கும். அவற்றுக்கு இசைத்தட்டு இல்லை. ஒரு பெரியவரின் நல்ல மனத்தால் மட்டுமே பிழைத்த கலையை எண்ணி மகிழ்கையில், அந்த மனம் வாய்க்காதவரை நினையாதிருக்க எம்மால் இயலவில்லை.

காத்திருந்தவருள் மகாதேவனையும் சேர்க்க வேண்டும்; அவரை யாரும் சொல்வதில்லை. முறைப்படி கர்நாடக சங்கீதம் பயிலாத இதே பாடகரிடம் பிற்காலத்தில் 'சங்கராபரணம்' படத்துப் பாட்டுகளை ஒப்படைத்தவரும் அவரே. 1979-ஆம் ஆண்டிற்கான தேசிய விருது அதற்குக் கிடைத்தது. பாலசுப்பிரமணியத்துக்கு வந்த ஆறு தேசிய விருதுகளுள் அதுவே முதலாவது. அவர் எத்தனை ஆயிரம் பாட்டுப் பாடினார் என்று எண்ணிக்கை பேசுவோர் பலர்; அக்கணக்கில் எமக்கு ஆர்வமில்லை.

2020 ஆகஸ்டில் கொரோனா கண்டு சென்னை மருத்துவமனையில் சேர்ந்தார். அன்பர்கள் ஏழு வாரம் காத்திருந்தனர். செப்டம்பர் 25-இல் காலமானார். வயது 74.