மணிமேகலையில் ஒரு பித்தன்

மணிமேகலைக் காப்பியத்தின் மலர்வனம் புக்க காதையைப் பயில்வோர் பலர், புகார் வீதியில் திரியும் பித்தனைக் கண்டதும் சற்றே நகைத்துவிட்டு அப்பால் செல்வர். அலரி மாலையும் எருக்கம்பூ மாலையும், கந்தலோடு சுள்ளி சேர்த்துக் கட்டிய உடை, உடலெங்கும் சாம்பல், தன் நிழலோடு தானே இடும் சண்டை ஆகிய யாவும் நகைச்சுவைக்காக அமைந்தவை என்று சென்ற மாதம் பயிற்சி ஆசிரியர் ஒருவர் என்னிடம் வாதிட்டார். அவர் கருத்து எனக்கு உடன்பாடன்று.

அவனைச் சூழ்ந்து நிற்போர் நகைப்பதாகச் சாத்தனார் பாடவில்லை, வருந்துவதாகவே பாடுகிறார். அதனினும் நுட்பம் ஒன்றுண்டு. இக்காப்பியத்தில் துன்பத்திற்கு முன்கதை கூறுவது வழக்கம். காயசண்டிகையின் தீராப் பசிக்கு முனிவர் சாபம்; உதயகுமரன் வெட்டுண்டதற்கு முற்பிறப்பு வினை. பித்தன்மீதோ எப்பழியும் சுமத்தப்படவில்லை. வினைக்கொள்கையில் அசையாப் பற்றுடைய சமயப் புலவர் இவ்விடத்தில் வாய் திறவாமை தற்செயல் என்று நான் கொள்ளேன். மருந்தூட்டி மணிமேகலையைப் பித்தாக்க அரசி முயன்றதையும் அவரே பாடுகிறார். அறிவு மயங்குதற்கு உடல்வழிக் காரணமும் உண்டென அவர் அறிந்திருந்தார் அன்றோ?

ஆயினும் வருந்தி நின்ற அக்கூட்டம், மணிமேகலை வரக் கண்டதும் அவனை விட்டு அவளைச் சூழ்ந்துகொள்கிறது. அமணத் துறவியைக் குடிகாரன் ஒருவன் வம்புக்கிழுப்பதையும், பேடிக்கூத்தையும் பார்த்து நின்றவர்களோடு இவர்களும் ஒன்றாகிவிடுகின்றனர். இது ஊரார் குறை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கிய மணிமேகலையின் அருளும் பின்னர் அப்பித்தனைத் தேடிச் செல்லவில்லை. இதனைப் புலவர் குறை என்றே சொல்வேன்.

பக்தி மிகுந்த ஊர்களில் இன்றும் இரக்கத்துக்குப் பஞ்சமில்லை. அது பாதியில் நின்றுவிடுவதுதான் இடர். இராமநாதபுர மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை நாடி வந்தோரைத் தங்கவைத்த தனியார் காப்பகம் ஒன்று 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். நம்பிக்கையோடு அழைத்து வந்து விட்டுச் சென்ற பெற்றோரும் உடன்பிறந்தோரும் அவர்களுக்கு இல்லாமலா இருந்திருப்பர்? மனநோயாளரைச் சங்கிலியிடுவதை இந்தியச் சட்டம் 2017-இல் வெளிப்படையாகவே தடுத்தது.

முப்பதாண்டுகளுக்கு முன், நான் பணியாற்றிய தோட்டத்தில், மகப்பேற்றுக்குப்பின் அறிவு கலங்கிய பெண் ஒருத்தியைப் பேய் பிடித்தவள் என்று மாரியம்மன் கோயிலுக்குக் கொணர்ந்தனர். பூசாரி திருநீறிட்டார். பின்னர் அவள் கணவனிடம், "தம்பி, ஆத்தாகிட்டச் சொல்லிட்டேன். காலையில டிரசர்கிட்டக் கூட்டிட்டுப் போவோம், நானும் வர்றேன்" என்றார். சொன்னபடியே சென்றார், டிரசர் எழுதிக்கொடுத்த சீட்டோடு பெரிய ஆஸ்பத்திரிக்கும் உடன் சென்றார். ஏட்டறிவு இல்லாத அப்பூசாரி, சாத்தனார் நின்ற இடத்திலிருந்து ஓரடி முன் சென்றவர் என்பேன். பயிற்சி ஆசிரியர்களுக்கு இக்காதையை விளக்கும்போதெல்லாம் அவரைப்பற்றியும் சொல்வது என் வழக்கம். அப்போது எவரும் நகைப்பதில்லை.