மான் இருக்கு... மரம் எங்கே?

ஜெரனுக் என்று ஒரு மான். கிழக்கு ஆப்பிரிக்காவின் வறண்ட முள்காடுகளில் வாழ்வது. ஸ்வாஹிலி மொழியில் இதை ‘ஸ்வாலா ட்விகா’ என்பார்கள். ஒட்டகச்சிவிங்கி மான்! கழுத்தைப் பார்த்தால் போதும், பெயருக்கு விளக்கவுரை வேண்டாம்.

நெட்டில் இதன் படங்களைத் தேடிப்பாருங்கள். கென்யாவின் சம்புரு சரணாலயத்தில் எடுத்தவை நிறைய வரும். திரும்பத் திரும்ப ஒரே போஸ்தான். பின்னங்கால்கள் இரண்டையும் ஊன்றி, நெட்டுக்குத்தாக நிற்கும். நம்ம ஊர் வெள்ளாடும் வேலியைப் பிடித்து எக்கும்தான். ஆனால், இவ்வளவு நேராக நிற்காது.

அழகுதான், மறுக்கவில்லை. ஆனால், பல படங்களில் மான் முழுசாக இருக்கிறது, மரம் பாதிதான். சிலவற்றில் நாலே நாலு இலை. பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவரைப் படமெடுத்து, பஸ்ஸையும் கம்பியையும் வெட்டிவிட்டால் எப்படி இருக்கும்? மனுஷன் ஏதோ வித்தை காட்டுகிற மாதிரிதானே தெரியும்?

ஜெரனுக் வித்தை காட்டவில்லை ஐயா, சாப்பிடுகிறது! எழுந்து நின்றால் இரண்டு மீட்டர் உயரத்துக்கு மேல் எட்டும். மற்ற பல மான்களுக்கு எட்டாத வேல மரத் தளிர் அங்கேதான் இருக்கிறது. தண்ணீர்? அதுவும் அந்த இலையிலிருந்தே. அதனால், ஆற்றுப் பக்கம் போக வேண்டிய அவசியம் ரொம்பக் குறைவு. ஆபத்து என்றால் ஒளிவதும் புதருக்குப் பின்னால்தான். ஆக சோறு, தண்ணி, வீடு எல்லாமே மரம்.

நான் பி.காம். படித்தவன். வரவை மட்டும் காட்டி, செலவை மறைக்கிற கணக்கைப் பார்த்தால் உறுத்தும். இந்தப் படங்களும் அப்படித்தான். சொமாலியாவில் வேல மரங்களை வெட்டிக் கரியாக்கி, வளைகுடா நாடுகளுக்குக் கப்பல் ஏற்றினார்கள். அந்தக் காசு தீவிரவாதிகளுக்குப் போகிறது என்று 2012-ல் ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் கரி ஏற்றுமதிக்கே தடை போட்டது. காட்டில் கோடரி வெட்டுகிற மரத்தைத்தான் இங்கே கேமராவும் வெட்டுகிறது!

நல்ல படம் எது என்கிறீர்களா? லென்ஸைக் கொஞ்சம் விரித்து, மரத்தையும் அந்தக் காய்ந்த மண்ணையும் சேர்த்து எடுத்தது. மானை விரட்டாமல், வண்டியைத் தள்ளி நிறுத்திக் காத்திருந்து எடுத்தது. அதில் மான் சின்னதாகத்தான் தெரியும். தெரியட்டுமே! அது ஏன் நிற்கிறது என்று புரியுமே!

அடுத்த தடவை இந்த மான் உங்கள் செல்போனுக்கு வந்தால், ‘அட!’ சொல்லுங்கள். சொல்லிவிட்டு, மரத்தைத் தேடுங்கள்.